விழித்திருந்து கண்ட வியாதி

மனிதனுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவற்றை முதலில் அறிகிறவன் அந்த மனிதனேதான். தனக்குப் பல்வலி என்பதை வைத்தியர் சொல்லித் தெரிந்துகொள்பவர் யாரும் இல்லை. ஆனால் உறங்கும் நேரத்தில் தொண்டை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வருகிற வியாதி ஒன்று இருக்கிறது. அதை உடையவன் அதைப் பற்றி ஒன்றுமே அறியாமல் ஆயுளில் பாதியைக் கழித்துவிடக்கூடும். அருகில் படுத்திருக்கும் மனைவிக்கு அது தெரியும். அடுத்த அறையில் உறங்க முயலும் மாமியாருக்குத் தெரியும். இரவு ரயிலில் எதிர்ப் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும், பெயர்கூட அறியாத பிரயாணிக்கும் தெரியும். உடையவனுக்கு மாத்திரம் தெரியாது. அவனைக் கேட்டால், "எனக்கென்ன, தலை சாய்த்தால் போதும், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்லுவான். வைத்தியர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று பெயரிட்டிருக்கும் இந்நோயின் சரித்திரம், ஆகையால், நோயாளிகளின் சரித்திரமாக இருப்பதைக் காட்டிலும் அவர்களுக்குப் பக்கத்தில் விழித்திருந்தவர்களின் சரித்திரமாகவே இருக்கிறது. வைத்திய சாஸ்திரம் இதை இவ்வளவு தாமதமாகக் கண்டுகொண்டதற்கும் அதுவே காரணம். வைத்தியர் நோயாளியைப் பகலில், அவன் விழித்திருக்கும்போது பார்த்தார்; நோயாளி உறங்கிய நேரத்தில் வைத்தியரும் உறங்கினார்.

நோயின் தன்மையை முதலில் சொல்லிவிடுவது நலம். மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையில் செல்லும் வழியைத் திறந்து வைத்திருப்பவை பெரும்பாலும் தசைகளே. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. அந்த வழி ஏற்கெனவே குறுகியிருப்பவர்களுக்கு, அதாவது கழுத்தில் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியவர்களுக்கும், டான்ஸில் பருத்த குழந்தைகளுக்கும், மூச்சை உள்ளே இழுக்கும் விசையே, நனைந்த காகிதக் குழாயை உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வது போல, வழியை மூடிவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டே இருக்கும்; காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அதை உணர்ந்து, உறங்குகிறவனை ஒரு கணம் விழிப்பின் எல்லை வரையில் கொண்டுவர, தசைகள் இறுகி, பெரும் குறட்டையோடு காற்று உள்ளே பாய்கிறது. அவன் மறுபடியும் உறங்கிவிடுகிறான். ஒரு மணி நேரத்தில் இது 30 தடவை அல்லது அதற்கு மேல் நிகழுமானால் நோய் கடுமையானது என்பது இன்றைய கணக்கு. 60 தடவைக்கு மேல் நிகழ்கிறவர்களும் உண்டு. காலையில் அவற்றில் ஒன்றேனும் அவனுக்கு நினைவிராது. பகலெல்லாம் கண்ணைச் சொக்கவைக்கும் தூக்கம் மட்டுமே மிஞ்சும்.

பழைய உலகத்தில் இதற்குச் சாட்சி தேடுகிறவர்கள், கருங்கடற்கரையில் இருந்த ஹெராக்ளியா என்ற கிரேக்க நகரத்தைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட தியோனீசியஸ் என்பவனைக் காட்டுவார்கள். போஜனப் பிரியனான அவன் அளவு மீறிப் பருத்து, மூச்சுவிடவே சிரமப்படும் நிலையை அடைந்தான் என்றும், வழக்குக் கேட்க அமரும்போது உடம்பை ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைத்து முகத்தை மாத்திரம் வெளியே காட்டுவான் என்றும், அவன் ஆழ்ந்து உறங்கிவிட்டால் நீண்ட மெல்லிய ஊசிகளை விலாவிலும் வயிற்றிலும் செலுத்தி எழுப்பும்படி வைத்தியர்கள் விதித்திருந்தார்கள் என்றும் அதீனியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ஊசி கொழுப்பைக் கடந்து செல்லும் வரையில் அவனிடம் அசைவே இராதாம். தசையைத் தொட்ட பிறகே விழிப்பானாம். இந்த அரசனை இந்நோயின் ஆதி நோயாளி என்று தற்காலத்து வைத்திய ஆசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு அப்பாலிருந்து நாடி பிடித்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆயினும் அவனுடைய வைத்தியர்கள் ஒன்றைச் சரியாகக் கண்டிருந்தார்கள்: ஆபத்து அவன் விழித்திருக்கும்போது அன்று, உறங்கும்போதுதான் வருகிறது, அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டுமானால் வேறொருவன் கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை தெளிவான ஞானம் அதற்குப் பிறகு வெகுகாலம் வைத்தியத்தில் காணப்படவில்லை.

1877-இல் லண்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் பிராட்பெண்ட், லான்செட் பத்திரிகையில் ஒரு குறிப்பு எழுதினார். வயோதிகர் ஒருவர் மல்லாந்து படுத்துக் குறட்டையோடு ஆழ்ந்து உறங்கும்போது, உள்ளே இழுக்கும் மூச்சு தொண்டையிலுள்ள தடையை வெல்ல மாட்டாமல் தோற்பதும், இரண்டு மூன்று மூச்சுக்கான நேரம் ஓசையே இல்லாமல் மார்பு மட்டும் வீணாக அசைந்துகொண்டிருப்பதும், பிறகு பெருத்த உறுமலோடு காற்று நுழைவதும் அவர் கண்ணில் பட்டிருந்தன. இந்நோயின் இலட்சணத்தை இதைக் காட்டிலும் செம்மையாக இன்று எழுதுகிறவர்களும் எழுதிவிட முடியாது. ஆனால் இரவில் நின்றுபோகும் அந்த மூச்சுக்கும் பகலில் வரும் தூக்கத்துக்கும், இரத்த அழுத்தத்துக்கும் உள்ள சம்பந்தம் யாருக்கும் புலப்படாமையால், குறிப்பு குறிப்பாகவே நின்றுவிட்டது. கண்ணால் கண்டது வேறு, கண்டதன் பொருளை அறிவது வேறு. இரண்டுக்கும் நடுவே இங்கே எண்பது வருஷத்துக்கு மேல் கழிந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது சிரிப்பு. 1836-லும் 1837-லும் மாதாமாதம் வெளிவந்த தம் பிக்விக் நாவலில் சார்லஸ் டிக்கன்ஸ், ஜோ என்ற பருத்த வேலைக்காரச் சிறுவனைப் படைத்திருந்தார். நின்றாலும் உட்கார்ந்தாலும் உறங்கிவிடுகிற, சாப்பாடு என்றால் விழித்துக்கொள்கிற பையன் அவன். நம் நாட்டில் கும்பகருணன் பேர் எதற்கு உதவுகிறதோ அதற்கே ஆங்கில நாட்டில் ஜோவின் பேர் உதவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் வைத்தியர் கூட்டங்களிலேயே, பருத்த உறக்கக்காரர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஜோவை நினைத்துச் சிரிக்கும் வழக்கம் இருந்தது.

1956-இல் அந்தச் சிரிப்புக்கு வைத்திய நூல்களிலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியின் தலைவராக இருந்தவரான ஸிட்னி பர்வெல்லும் அவருடைய சகாக்களும் அவ்வருஷம் ஒரு நோயாளியின் விருத்தாந்தத்தைப் பிரசுரித்தார்கள். அவர் ஒரு வியாபார நிர்வாகி. குள்ளமான சரீரம், 260 பவுண்டுக்கு மேல் எடை. வாரம் ஒருநாள் சீட்டாடும் வழக்கம் உடையவர். ஒருநாள் போக்கர் ஆட்டத்தில் அவர் கைக்கு மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்து சேர்ந்தன. சீட்டாடுகிறவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து பெறுகிற அந்தச் சீட்டுக்களைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தயம் வைக்க மறந்து, அவர் உறங்கிப்போனார். வண்டி ஓட்டுகையில் வந்த தூக்கத்தையும், காரியாலயத்தில் வந்த தூக்கத்தையும் பொறுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த நஷ்டம் பொறுக்கவில்லை போலும். சில நாட்களில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வந்து சேர்ந்தார். ஆகாரத்தைக் குறைத்து எடையைக் குறைத்ததும் குணம் கண்டது. பர்வெல் குழுவினர் இந்நிலைக்கு டிக்கன்ஸின் நாவலைக் கொண்டே "பிக்விக்கியன்" என்று பெயரிட்டார்கள். பருமனால் மூச்சு ஆழமின்றிப் போய், இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி, அதனால் தூக்கம் உண்டாகிறது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அது முழுப் பிழை அன்று. ஆனால் அந்த நோயாளி இரவில் எப்படி உறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. பெயர் கவர்ச்சியாக இருந்தமையால் நிலைத்துவிட்டது. நிலைத்ததனால் வந்த தீங்கு, இது பருத்தவர்களின் நோய், நகைப்புக்குரிய நோய் என்ற எண்ணம், இன்றும் முற்றிலும் அகலவில்லை.

இரவைப் பார்க்கும் கருவி அப்போதே இருந்தது. ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர், மண்டைத் தோலின்மேல் தகடுகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைக் காகிதத்தில் வரையலாம் என்று 1929-இலேயே வெளியிட்டிருந்தார். சிகாகோவில் கிளைட்மனும் அவருடைய மாணவர் அஸெரின்ஸ்கியும், உறக்கத்தினிடையே கண்மணிகள் விரைந்து அசையும் காலங்கள் உண்டு என்பதை 1953-இல் அறிவித்த பிறகுதான், உறக்கம் என்பது விளக்கணைந்தாற்போன்ற ஒரே நிலை அன்று, இரவு முழுவதும் அதற்கு நடையும் மாற்றமும் உண்டு என்ற எண்ணம் பரவி, ஓர் இரவு முழுவதையும் காகிதத்தில் பிடிக்கும் முயற்சி நியாயமாகத் தோன்றிற்று. அது சாமானியமான முயற்சி அன்று. வினாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் காகிதம், எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம் ஓடிவிடும். அரை நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்று மடித்தால் ஆயிரம் பக்கத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு கட்டு. தலையில், கண்ணோரத்தில், மோவாயில், கணைக்காலில் கம்பிகள். மூக்கடியில் வெப்பத்தைக் கொண்டு மூச்சை அறியும் கருவி. மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். எழுதுமுனைகள் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் அறையில் ஒருவர் காபி குடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். விடிந்த பிறகு மற்றொருவர் அந்தக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறியிட வேண்டும். இப்போது அந்தக் காகிதத்தின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. கம்பிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன.

1965-இல் பிரெஞ்சு நாட்டு மார்ஸேயில் காஸ்டோ, தாஸ்ஸினாரி, தூரோன் என்ற மூவரும், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யுங், கூலோ என்ற இருவரும், ஒருவரை ஒருவர் சாராமல், பிக்விக்கியன் நோயாளிகளை இரவு முழுவதும் இவ்வாறு பதிவு செய்தார்கள். மூச்சு நூற்றுக்கணக்கான தடவை நிற்பதும், ஒவ்வொரு தடவையும் மூளை ஒரு கணம் விழிப்பதும் காகிதத்தில் பிரத்தியட்சமாகத் தெரிந்தன. மார்ஸே குழுவினர் கண்ட விசேஷம், மூச்சு நிற்கும்போதும் மார்பு போராடிக்கொண்டே இருந்தது என்பது. அடைப்பு தொண்டையில் இருந்தது. பகல் தூக்கத்துக்குக் காரணம் தேங்கிய வாயு மாத்திரம் அன்று, இரவு முழுவதும் துண்டு துண்டாக வெட்டப்பட்ட உறக்கமே என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. நூற்றுக்கு நூறு உறங்கினதாக எண்ணிக்கொண்டிருந்தவன் உண்மையில் உறங்கவே இல்லை.

இதற்குமேல் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து பற்றிக்கொண்டவர்கள் இத்தாலியர்கள். பொலோன்யா சர்வகலாசாலையில் எலியோ லுகாரேஸியும் கொக்காஞ்யாவும், உறங்குகிறவர்களின் இரத்தக் குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை இரவு முழுவதும் அளந்து, சாதாரணமாக உறக்கத்தில் தாழ வேண்டிய இரத்த அழுத்தம் இவர்களிடத்தில் மூச்சு நின்று மீளும் ஒவ்வொரு தடவையும் மேலே எழுவதைக் கண்டார்கள். 1972-இல் ரிமினி நகரத்தில் இது குறித்து ஒரு மாநாடு கூட்டினார்கள். பிறகு ஆஸ்பத்திரியை விட்டுக் குறட்டையைத் தேடி ஊருக்குள் போனார்கள். மலைமேல் இருக்கும் சின்னஞ்சிறு குடியரசான சான் மரீனோவில் 5,713 பேரை விசாரித்து 1980-இல் வெளியிட்ட கணக்கில், குறட்டை விடுகிறவர்களிடம் இரத்தக் கொதிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. அதுவரையில் குறட்டை குடும்ப ஹாஸ்யத்தின் விஷயமாக இருந்தது. அதன் பிறகு அது சுகாதாரக் கணக்கில் ஏறியது. சந்தர்ப்பவசமாக ஒன்று சொல்லலாம்: பரம்பரையாக உறக்கமே அற்றுப்போய் மாண்டுபோகிற ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பயங்கர வியாதியை 1986-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் இந்த லுகாரேஸிதான். உறக்கம் மிகுந்தவர்களையும் உறக்கம் இழந்தவர்களையும் ஒருவரே காவல் காத்தார்.

பிரெஞ்சு வைத்தியர் கிறிஸ்தியான் கில்மினோ 1972-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு வந்தார். உறக்க ஆராய்ச்சியில் பேர்பெற்ற வில்லியம் டிமெண்ட் அங்கே நித்திரைக்கென்றே ஒரு வைத்தியசாலை நிறுவியிருந்தார். அவர்களிடம் வந்த ஆரம்ப நோயாளிகளில் பத்து வயதைச் சற்றுத் தாண்டிய சிறுவன் ஒருவன் உண்டு. அந்த வயதில் இருக்கவே கூடாத இரத்த அழுத்தம் அவனுக்கு இருந்தது. காரணம் தேடிய வைத்தியர்கள் வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றும் காணவில்லை. பையன் இரவில் உரக்கக் குறட்டை விடுவான், பகலில் உறங்கி வழிவான். இரவுப் பதிவு செய்து பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. அக்காலத்தில் நிச்சயமான சிகிச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃப்ரைபர்க்கின் கூலோ 1969-இல் கையாண்டு வெளியிட்ட உபாயம் அது: தொண்டையை விட்டுவிட்டு, கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து ஒரு குழாய் பொருத்துவது. பகலில் அதை அடைத்துக்கொண்டு பேசலாம். இரவில் திறந்துகொண்டு உறங்கலாம். குறட்டைக்காக ஒரு குழந்தையின் கழுத்தைத் துளைப்பதா என்று சக வைத்தியர்கள் தயங்கினார்கள்; அந்தத் தயக்கத்தை யாரும் குறை கூற முடியாது. கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு வாரத்துக்குள் பையனுடைய இரத்த அழுத்தம் தன் வயதுக்குரிய அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிற சம்பவம் இதுவே. ஏனெனில் இரத்தக் கொதிப்பை வைத்துக்கொண்டு மருந்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒருவனிடம், "நீ எப்படி உறங்குகிறாய்?" என்று கேட்பது வீண் கேள்வி அன்று என்பது அந்தச் சிறுவனாலேயே ருசுவாயிற்று. 1976-இல் கில்மினோவும் டிமெண்டும் நோய்க்கு இலக்கணம் வகுத்தார்கள்: ஏழு மணி உறக்கத்தில் குறைந்தது 30 தடவை, ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையாமல், மூச்சு நிற்பது.

கண்டுபிடித்தாயிற்று, பெயரிட்டாயிற்று, எண்ணியுமாயிற்று. கழுத்தில் துளையோடு வாழச் சம்மதிப்பவர் எத்தனை பேர்? கடுமையான நோயாளிகளிலும் பலர் மறுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்து ராயல் பிரின்ஸ் ஆல்பிரெட் ஆஸ்பத்திரியில் 1980 ஜூன் மாதம் அப்படித் துளை வேண்டாம் என்ற ஒரு நோயாளி, கட்டட வேலை செய்கிறவர், வேறொரு பரீட்சைக்கு உடன்பட்டார். காலின் ஸலிவன் என்ற வைத்தியர், முன்பு கனடாவில் உறங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்தபோது அவற்றின் மூஞ்சிக்கு ஏற்ற மூடிகள் செய்து பழகியவர். உள்ளே இழுக்கும் மூச்சு வழியை மூடுகிறதென்றால், மூக்கு வழியாகச் சற்றே அழுத்தம் மிக்க காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் வழி மூடாதல்லவா என்பது அவருடைய யோசனை. யோசனை எளியது, அதைச் செய்துபார்க்கச் சாதனம் எதுவும் கடையில் இல்லை. மூக்கின் அச்சைச் சாந்தில் வார்த்து மூடி செய்து, காற்று கசியாமல் அதைச் சிலிக்கோன் பசையால் முகத்திலேயே ஒட்ட வேண்டியிருந்தது. காற்றூதுவதற்கு, தூசி உறிஞ்சும் வாக்வம் கிளீனர் மோட்டார் போன்றவற்றை மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு நடந்ததை ஸலிவன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த, மூச்சு நிற்பது நின்றது, குறட்டை அடங்கியது, வெகுநாள் பட்டினி கிடந்தவன் இலையில் அமர்ந்ததற்கு ஒப்பாக நோயாளி கனவுறக்கத்தில் ஆழ்ந்தார். அழுத்தத்தைக் குறைத்தார்கள், அடைப்பு திரும்பியது. மறுபடி உயர்த்தினார்கள், போயிற்று. இப்படித் திருகைத் திருப்பி நோயை வரவழைக்கவும் விரட்டவும் முடிந்தது கண்டு அறையில் இருந்தவர்களுக்கு உண்டான வியப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஏழு மணி நேரம் உறங்கி எழுந்த அந்த மனிதர் தெளிவாக விழித்திருந்தார். 1981 ஏப்ரலில் லான்செட் பத்திரிகையில், அதாவது பிராட்பெண்டின் குறிப்பு 104 வருஷங்களுக்கு முன் வெளிவந்த அதே பத்திரிகையில், ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. சில ஆண்டுகள் வரையில் நோயாளிகள் ஒவ்வோர் இரவும் வீட்டில் தாமே மூடியை மூக்கில் ஒட்டிக்கொண்டு, காலையில் பிய்த்தெடுத்தார்கள். 1985-இல் கடையில் வாங்கக்கூடிய இயந்திரம் அமெரிக்காவில் வந்தது. ஸலிவனின் முறையை விற்பனைக்குக் கொண்டுசெல்ல 1989-இல் ஸிட்னியில் ஒரு கம்பெனி தோன்றியது. வார்ப் பட்டையும் மெல்லிய சிலிக்கோன் மூடியும் வந்து ஒட்டும் வேலை ஒழிந்தது. இன்று சிபாப் என்று மருந்துக்கடைக்காரரும் சொல்லும் சாதனம் இதுவே.

இனி யாருக்கெல்லாம் இது இருக்கிறது என்ற கேள்வி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் வருத்தம் தெரிவிப்பவர்கள்தான் கணக்கில் வருவார்கள். தெரிவிக்காதவர்களே அதிகம் உள்ள நோயில் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் டெர்ரி யங் என்ற பெண் ஆராய்ச்சியாளர், 30 முதல் 60 வயதுள்ள 602 சர்க்கார் சிப்பந்திகளை இரவு முழுவதும் பரிசோதித்து 1993-இல் வெளியிட்ட முடிவில், ஆண்களில் 100-க்கு 24 பேருக்கும் பெண்களில் 9 பேருக்கும் மணிக்கு ஐந்து தடவையேனும் மூச்சுத் தடைப்பட்டது. அதோடு பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் ஆண்களில் 4, பெண்களில் 2. ஆஸ்பத்திரிகளில் பெண் நோயாளிகள் அதுவரை அத்தனை அருமையாக இருந்தமையால் இது ஆண்களின் நோய் என்றே கருதப்பட்டது. பெண்கள் குறட்டை விட்டால் அதை யார் போய் வைத்தியரிடம் சொன்னார்கள்? அவர்களுடைய அசதிக்கு வீட்டுவேலை என்றும், இரத்தசோகை என்றும், வயது என்றும் காரணம் கற்பிக்க எப்போதும் ஆள் உண்டு. அதே விஸ்கான்ஸின் மக்களை நான்கு வருஷம் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியிட்டதில், தொடக்கத்தில் மூச்சுத்தடை மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னால் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

நம் நாட்டில் இதற்கு ஒத்த ஆராய்ச்சி மும்பையில் நடந்தது. ஜரிர் உத்வாடியா என்ற நுரையீரல் வைத்தியரும் சகாக்களும், நோயென்று வராமல் வழக்கமான உடல் பரிசோதனைக்கென்று ஆஸ்பத்திரிக்கு வந்த 35 முதல் 65 வயதுள்ள 658 ஆண்களைக் கொண்டு 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறவர்கள் 100-க்கு 19.5, அதனோடு பகல் தூக்கமும் உள்ளவர்கள் 7.5. அந்த மனிதர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வருமுன் காக்கலாம் என்ற புத்தியோடு, பணமும் கட்டி, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். மாஸ்டர் செக்கப் என்று நம் ஊர்களில் பிரசித்தமான அந்தப் பரிசோதனையில் சர்க்கரை பார்க்கிறார்கள், கொழுப்புப் பார்க்கிறார்கள், இருதயத்தின் மின்படம் எடுக்கிறார்கள், வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள். யாவும் பகலில், விழித்திருக்கிற மனிதனிடத்தில். இரவில் அவன் எப்படி இருக்கிறான் என்பதற்கு அந்தக் கடுதாசியில் பெரும்பாலும் இடமே இராது. கூட வந்து வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவியை உள்ளே அழைத்து இரண்டு கேள்வி கேட்டால், செலவில்லாமல் தெரியக்கூடிய செய்தி அது.

கேள்விகளுக்குக் குறைவில்லை. மெல்போர்னின் எப்வர்த் ஆஸ்பத்திரியில் மர்ரி ஜான்ஸ் 1991-இல் தயாரித்த பட்டியல் எட்டுச் சந்தர்ப்பங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உறங்கிவிடும் சாத்தியம் எவ்வளவு என்று 0 முதல் 3 வரை எண் கொடுக்கச் சொல்லும்: படிக்கும்போது, டெலிவிஷன் பார்க்கும்போது, காரில் பிரயாணியாக ஒரு மணி நேரம் போகும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது என்று இப்படி. கூட்டினால் 10-க்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்பதும் எட்டில் ஒன்று. நம்மவர்களில் ஆரோக்கியமானவர்களும் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள் என்பது என் சந்தேகம். டொரண்டோவில் பிரான்ஸிஸ் சங் என்ற மயக்கமருந்து வைத்தியர் 2008-இல் வெளியிட்ட வினாப் பட்டியல் வேறு அவசரத்தில் பிறந்தது: இந்நோய் உள்ளவருக்கு அது தெரியாமல் மயக்கமருந்து கொடுத்தால், அறுவைக்குப் பிறகு தொண்டை அடைபடும் ஆபத்து உண்டு. குறட்டை, அசதி, இரத்தக் கொதிப்பு, பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா என்று கேட்கும் அந்தப் பட்டியலில், நீர் உறங்கும்போது மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா என்ற கேள்விக்கு மாத்திரம் நோயாளியால் தானாக விடை சொல்ல முடியாது; மற்றவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகையில் வரும் தூக்கத்தின் ஆபத்தைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம், நடுத்தரமான அல்லது கடுமையான மூச்சடைப்பு என்று சந்தேகிக்கப்படும் வண்டியோட்டிகள் வைத்திய ஆலோசனை பெற்ற பிறகே லைசென்ஸ் பெறலாம் என்று 2014-இல் விதி செய்தது.

சிகிச்சையின் பலனைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சிபாப் பகல் தூக்கத்தைப் போக்குகிறது, இரத்த அழுத்தத்தை ஓரளவு தாழ்த்துகிறது, இவற்றில் சந்தேகமில்லை. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கிறதா என்று, ஏற்கெனவே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரை இரு பிரிவாக்கிப் பல தேசங்களில் நடத்தி 2016-இல் வெளியிட்ட பெரிய பரீட்சையில், இரு பிரிவுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. இயந்திரம் கொடுக்கப்பட்டவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே அதை அணிந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பாதி இரவு மூச்சை விட்டு மீதி இரவு அடைத்துக்கொண்டால் என்ன குணம் எதிர்பார்க்கலாம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். வியாதி முற்றிய பிறகு தொடங்கியதே குறை என்று மற்றொரு சாரார் கூறுகிறார்கள். இரண்டாவது வாதம் எனக்கு அதிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இருபது வருஷம் இரவுதோறும் எழும்பிய அழுத்தம் இரத்தக் குழாய்களில் செய்த வேலையை ஒரு மூடியைப் போட்டு அழித்துவிட முடியாது.

பரிசோதனை இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது. மாலையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தனுப்புகிறார்கள்: மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் பிராணவாயுவை அளக்கும் கவ்வி. அந்தக் கவ்வியின் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானிய இஞ்சினியர். கொரோனா காலத்தில் நம் வீடுகளிலெல்லாம் புழங்கியது அதுவே. சிக்கலில்லாத நோயாளிக்கு இது போதும். இருதயமோ நுரையீரலோ பழுதுபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கும் பழைய முறையே தகும். சிகிச்சையிலும் புதியன வந்திருக்கின்றன: கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல்லுறை, நாக்கை அசைக்கும் நரம்பை மின்விசையால் தூண்டும் உட்பதியம். 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து அதிகாரிகள், எடையைக் குறைக்கும் டிர்ஸெபடைட் என்ற ஊசிமருந்தை இந்நோய்க்கும் அனுமதித்தார்கள். இந்நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். அதுவும் பருமனோடு கூடிய நோயாளிகளுக்கே. தாடை சிறுத்த முகவாகினால் மெலிந்த உடம்போடும் மூச்சடைப்பவர்கள் ஆசிய நாடுகளில் பலர் உண்டு. எடையைக் குறைக்க இடமில்லாத அவர்களுக்கு இன்றும் ஸிட்னியில் தொடங்கிய அந்த மூடியும் பல்லுறையும் சத்திரசிகிச்சையுமே கதி.